நிறத்தைக் கடைசியில் தொடுங்கள்: மழை வரைபடத்துக்கு நிற அளவுகோல் அமைப்பது எப்படி

படம் வரையும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்பில் முதல் வரைபடம் போட்டதும் எல்லாருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: இந்த நிறம் சரியில்லை, வேறொன்றைப் போட்டுப் பார்ப்போம். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கலர்மேப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். படம் திருந்தவே இல்லை. நான் தொட வேண்டியது நிறத்துக்கு முந்திய இன்னொரு படி என்பது பிறகுதான் புரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மாலைப்பொழுது மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு எண் நிறமாக மாறுவதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் உங்கள் தரவில் உள்ள எண், உதாரணமாக 120 மி.மீ. மழை, 0 முதல் 1 வரையான ஓர் இடத்துக்கு மாற்றப்படுகிறது. இந்த வேலையைச் செய்வதற்கு 'நார்ம்' என்று பெயர். அப்புறம் அந்த 0.4 அல்லது 0.7 எந்த நிறம் என்று 'கலர்மேப்' சொல்கிறது. புதியவர்கள் இரண்டாவதைத்தான் திருகிக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் முதலாவதில் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நாள் மழையை எடுத்துக்கொள்வோம்: சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் மழை. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழையை 0.25 பாகைக் கட்டங்களாகத் தருகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம். மொத்தம் 129 வரிசை, 135 நெடுவரிசை. டிசம்பர் 1 அன்று கொட்டிய மழையை இந்தத் தரவில் டிசம்பர் 2 என்ற தேதியில்தான் தேட வேண்டும், ஏனென்றால் காலை 8.30 மணிக்கு அளந்த மழை அன்றைய தேதியில் ஏறும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் தடுமாறியவர்கள் நிறையப் பேர்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பைத்தான் நிரலை எழுதி இயக்கும் ஜூபிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் சரியான எழுத்துக்கூட்டல் தானாக வந்துவிடும். ஆனால் மழை, படிகள், நிறங்கள் போல நாமே வைக்கிற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். நான் அப்படித்தான் எழுதுகிறேன், படிக்கவும் சுகமாக இருக்கிறது.

முதல் படி: தரவைச் சுத்தம் செய்யுங்கள்

கட்டம் கட்டமான தரவைக் கையாளும் பைத்தான் நூலகமான எக்ஸ்அரேயில் கோப்பைத் திறந்ததும் அதை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். மாறிகளின் பெயர்கள், அவை பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதெல்லாம் தெரியும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்து 'மழை' என்ற மாறியில் வையுங்கள். உடனே அதன் மிகச்சிறிய எண்ணையும் மிகப்பெரிய எண்ணையும் அச்சிடுங்கள்.

மிகச்சிறிய எண் −999 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கடல், இலங்கை, அண்டை நாடுகள் என்று தரவே இல்லாத கட்டங்களில் அந்த எண்ணை நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை நீக்காமல் வரைந்தால் அளவுகோல் −999-இல் தொடங்கும். 0 மி.மீ.க்கும் 100 மி.மீ.க்கும் இடையிலான வித்தியாசம் அளவுகோலின் ஒரு ஓரத்தில் நசுங்கி, நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். "என் வரைபடம் ஒரே மஞ்சளாக வருகிறது" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த −999-ஐத்தான்.

மழை = மழை.வேர்(மழை >= 0)

இந்த ஒரு வரி போதும். சுழிக்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் 'தரவு இல்லை' என்று மாறிவிடும்.

இரண்டாம் படி: எல்லையை நீங்கள் தீர்மானியுங்கள்

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், மேட்பிளாட்லிப் அந்தப் படத்தில் உள்ள மிகச்சிறிய எண்ணை 0 என்றும் மிகப்பெரிய எண்ணை 1 என்றும் வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படம் போட்டால் இது உறுத்தாது. இரண்டு நாள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதிகபட்சம் 20 மி.மீ. பெய்த நாளிலும் உச்சக் கட்டத்துக்கு அதே நிறம், ஏரி உடைய வைத்த நாளிலும் அதே நிறம். பார்க்கிறவர் இரண்டும் ஒரே அளவு மழை என்றுதான் எடுத்துக்கொள்வார், அவர்மேல் தப்பில்லை. ஒப்பிடப் போகிற எல்லாப் படங்களுக்கும் ஒரே எல்லை இருக்க வேண்டும். இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லையைத் தருவதற்கான எளிய வழி 'விமின்', 'விமேக்ஸ்' என்ற இரண்டு அளவுருக்கள். விமின் 0, விமேக்ஸ் 300 என்று கொடுத்தால் எல்லா நாளுக்கும் அதே அளவுகோல். ஓரிரண்டு கட்டத்தில் மட்டும் எண் எகிறி மற்றதெல்லாம் வெளிறிப் போகிறதென்றால், எக்ஸ்அரேயின் வரையும் கட்டளையில் 'ரோபஸ்ட்' என்பதை இயக்கிப் பார்க்கலாம். அது 2-ஆம், 98-ஆம் சதமானங்களை எல்லையாக எடுத்துக்கொள்ளும். தரவை முதன்முதலாகப் புரட்டிப் பார்க்க இது நல்ல கருவி. அச்சுக்குப் போகிற படத்தில் நான் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் எல்லை திரும்பவும் மாறிவிடும், பழைய வம்பு அப்படியே திரும்பி வரும்.

மூன்றாம் படி: படிகளாக வெட்டுங்கள்

மழைக்குத் தொடர்ச்சியான நிறச் சாயலைவிட, வெட்டு வெட்டான படிகளே பொருத்தம் என்பது என் எண்ணம். நம்மில் யாரும் மழையை 143 மி.மீ. என்று நினைப்பதில்லை. கனமழையா, மிக கனமழையா என்றுதான் கேட்கிறோம். அந்தச் சொற்களுக்கு வானிலை ஆய்வுத் துறை திட்டமான எல்லைகளை வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேலே அதி கனமழை. 2.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மிக லேசான மழை. ஆகவே வெட்டும் இடங்களை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கையிலேயே இருக்கின்றன.

எல்லைகள் = [2.5, 15.6, 64.5, 115.6, 204.5]
படிகள் = பவுண்டரிநார்ம்(எல்லைகள், 4)

ஐந்து எல்லைகளுக்கு நடுவே நான்கு படிகள், அதனால்தான் 4. பவுண்டரிநார்ம் ஒவ்வொரு படியிலும் கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், மேல் எல்லையை விட்டுவிடும். சரியாக 64.5 வந்தால் அது கனமழையில்தான் விழும், துறையின் வரையறையும் அதுவே. 64.4 என்று எல்லை வைத்திருந்தால் 64.4 மி.மீ. மழையைத் தவறாகக் கனமழையில் சேர்த்திருப்போம்.

இங்கே புதியவர்கள் இடறுகிற கல் ஒன்று உண்டு. நார்ம் கொடுத்த பிறகு வரையும் கட்டளையில் விமின், விமேக்ஸ் இரண்டையும் விட்டுவைத்தால் பிழைச் செய்தி வரும். எல்லையைச் சொல்கிறவர் ஒருவர்தான் இருக்க முடியும். நார்ம் வந்துவிட்டால் மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: இப்போது நிறம்

வெள்ளைப் பின்னணியில் வெளிறியது குறைவு, அடர்ந்தது அதிகம் என்று கண் தானாகவே படிக்கும். அந்தப் பழக்கத்தோடு சண்டை போட வேண்டாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் வரைபடக்காரர்களுக்காக உருவாக்கிய கலர்புரூவர் நிறத் தொகுதிகளில் மஞ்சள், பச்சை, நீலம் என்று போகிற ஐந்து நிறங்களை எடுத்துக்கொள்கிறேன். சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக எழுதினால் அவை: (255, 255, 204), (161, 218, 180), (65, 182, 196), (44, 127, 184), (37, 52, 148). மேட்பிளாட்லிப் இந்த எண்களை 0 முதல் 1 வரை கேட்கும். எல்லாவற்றையும் 255-ஆல் வகுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் மறுத்துவிடும்.

முதல் நான்கு நிறங்களை 'லிஸ்டட்கலர்மேப்' என்பதில் போட்டு 'நிறங்கள்' என்று பெயர் வைக்கிறோம். ஐந்தாவது, அந்த அடர்நீலம், அதி கனமழைக்கு. அது 204.5-க்கு மேலே, அதாவது அளவுகோலுக்கு வெளியே இருப்பதால் தனியாகச் சொல்ல வேண்டும்:

நிறங்கள் = நிறங்கள்.வித்_எக்ஸ்ட்ரீம்ஸ்(அண்டர்=வெள்ளை, ஓவர்=அடர்நீலம், பேட்=சாம்பல்)

'அண்டர்' 2.5-க்குக் கீழே போனவற்றுக்கு, 'ஓவர்' உச்சத்தைத் தாண்டியவற்றுக்கு, 'பேட்' தரவே இல்லாத இடங்களுக்கு. மூன்றாவதை எப்போதும் தனி நிறமாக வையுங்கள். மழை பெய்யாத இடமும் மழை அளக்கப்படாத இடமும் ஒரே வெள்ளையாக இருந்தால் அந்த வரைபடம் பொய் சொல்கிறது. முன்பு இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன, பழைய வழிகாட்டிகளில் 'செட்_அண்டர்', 'செட்_ஓவர்' என்று பார்ப்பீர்கள். 3.4 பதிப்பில் வந்த இந்த ஒற்றைக் கட்டளை, மூலக் கலர்மேப்பைத் தொடாமல் புது நகல் ஒன்றைத் தருவதால் பாதுகாப்பானது.

சிவப்பு ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். அதி கனமழைக்குச் சிவப்பு வைத்தால் நம்மூர் வாசகர் அதை 'ரெட் அலர்ட்' என்றுதான் படிப்பார். அது முன்னெச்சரிக்கை, நாளை வரக்கூடியதைச் சொல்வது. நாம் போடுவது பெய்து முடிந்த மழை. இரண்டையும் குழப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன்.

படம் = அச்சு.பிகலர்மெஷ்(நெடு, அகல, மழை, சிமேப்=நிறங்கள், நார்ம்=படிகள்)

இதில் 'அச்சு' என்பது படம் வரையும் சட்டம், 'நெடு', 'அகல' இரண்டும் கட்டங்களின் தீர்க்கரேகை, அட்சரேகை. வரைந்து பாருங்கள். சென்னையை ஒட்டி அடர்நீலக் கட்டங்கள் வந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. தாம்பரத்தின் 490 மி.மீ. அப்படியே தெரியாது. கட்டத்தின் எண், சுற்றிலும் உள்ள நிலையங்களின் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது.

கலர்பார்

எந்த நிறம் எந்த எண் என்று படத்தின் பக்கத்தில் காட்டும் பட்டைதான் கலர்பார். படத்தை விட அதில்தான் அவசரம் காட்டுகிறோம். மூன்று விஷயங்கள் கலர்பாரில் இருந்தே ஆக வேண்டும்: அலகு, படி எல்லைகளின் எண்கள், இரண்டு முனையிலும் முக்கோணம். முக்கோணத்துக்கு 'எக்ஸ்டெண்ட்' அளவுருவில் 'போத்' என்று கொடுங்கள். அளவுகோலுக்கு வெளியேயும் எண்கள் உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். 'ஸ்பேசிங்' என்ற அளவுரு 'யூனிஃபார்ம்' என்றால் எல்லாப் படிகளும் ஒரே உயரம், 'ப்ரொபோர்ஷனல்' என்றால் எண்ணின் அகலத்துக்கு ஏற்ற உயரம். இரண்டாவதில் 2.5-க்கும் 15.6-க்கும் இடையிலான படி ஒரு கீற்றாக ஒடுங்கிவிடும், அதனால் மழைக்கு முதலாவதே தேவலை.

நடுவில் அர்த்தம் உள்ள எண்கள்

மழையளவு ஒரு பக்கமாக மட்டும் வளரும். சில தரவுகளுக்கு நடுவில் ஓர் எண் முக்கியம்: இயல்பிலிருந்து எத்தனை சதவீதம் விலகல் என்பதில் சுழி, நிலவுயரத்தில் கடல்மட்டமான சுழி. இங்கே நடுவில் வெளிறி இருபுறமும் அடர்கிற கலர்மேப் வேண்டும். மழைக்கு நான் எடுப்பது பழுப்பிலிருந்து நீலப்பச்சைக்குப் போகிற, பிஆர்பிஜி என்று பெயருள்ள கலர்மேப். காய்ந்த நிலம் பழுப்பு, நனைந்த நிலம் பச்சை என்பதைக் கலர்பாரைப் பார்க்காமலே புரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 2015-இல் இயல்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல், அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. இந்த இரண்டு ஆண்டுகளையும் மாவட்ட வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்ல பயிற்சி. சிக்கல் ஒன்று உண்டு. குறைவு −100-க்குக் கீழே போகவே முடியாது, கூடுதலோ 100-ஐத் தாண்டியும் போகலாம். எல்லையை மென்பொருளிடம் விட்டால் வெளிறிய நடு நிறம் சுழியை விட்டு நகர்ந்து +20 அல்லது +30-இல் போய் உட்காரும். இயல்பான மழை பெற்ற மாவட்டம் லேசான பழுப்பாகி, வறண்டது போலத் தெரியும்.

இங்கேயும் துறையின் வகைப்பாடு இருக்கிறது: −19 முதல் +19 வரை இயல்பு, 20 முதல் 59 வரை கூடுதல், 60-உம் மேலும் மிகக் கூடுதல், −20 முதல் −59 வரை குறைவு, −60 முதல் −99 வரை மிகக் குறைவு. துறை முழு எண்ணாக்கி வகைப்படுத்துவதால், எல்லைகளை −100, −59.5, −19.5, 19.5, 59.5 என்று வைக்கிறேன். −20 என்று வைத்தால் பவுண்டரிநார்ம் கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தால் −20 சதவீத மாவட்டம் 'இயல்பு' ஆகிவிடும். விவசாயக் கடனும் நிவாரணமும் பேசப்படுகிற ஒரு மேசையில் அந்த வரைபடம் விரிக்கப்பட்டால், இந்த அரைப் புள்ளி சின்ன விஷயம் இல்லை.

படிகள் வேண்டாம், தொடர் நிறமே வேண்டும் என்றால் 'டூஸ்லோப்நார்ம்'. இதை நிலவுயர வரைபடத்தில் பார்த்தால் சட்டென்று விளங்கும். தொட்டபெட்டா 2637 மீட்டர். கரையை விட்டுத் தொலைவில் வங்கக்கடல் 3000 மீட்டருக்கு மேல் ஆழம். விமின் −3500, விமேக்ஸ் 2700 என்று மட்டும் கொடுத்தால் அளவுகோலின் நடு −400 மீட்டரில் விழும். 400 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கடலெல்லாம் நிலத்தின் நிறம் பெறும். பாக் நீரிணை மொத்தமும் தரையாகி, ராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நடந்தே போகலாம் போல இருக்கும்.

படிகள் = டூஸ்லோப்நார்ம்(விசென்டர்=0, விமின்=-3500, விமேக்ஸ்=2700)

இப்போது சுழி சரியாக நடுவில். கடலுக்கு ஒரு பாதி, நிலத்துக்கு ஒரு பாதி என்று கலர்மேப்பையும் நாமே ஒட்டலாம். 'டெரெய்ன்' என்ற கலர்மேப்பில் 0 முதல் 0.17 வரையான நீலங்களிலிருந்து 256 நிறம், 0.25 முதல் 1 வரையான நில நிறங்களிலிருந்து 256 நிறம் எடுத்து, எண்களை அடுக்கிக் கையாளும் நூலகமான நம்பையின் 'விஸ்டேக்' கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 'லீனியர்செக்மென்டட்கலர்மேப்.ஃப்ரம்_லிஸ்ட்' என்பதிடம் கொடுத்தால் போதும். இந்த வெட்டி ஒட்டும் வித்தை வேறு இடத்திலும் உதவும். ஒரு கலர்மேப்பின் முனை மிகவும் வெளிறி வெள்ளைத் தாளில் மறைகிறதென்றால், 0.15 முதல் 1 வரை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

வானவில்லை ஏன் விட வேண்டும்

'ஜெட்' என்ற வானவில் கலர்மேப் பல ஆண்டுகள் மேட்பிளாட்லிப்பின் இயல்புநிலையாக இருந்தது. மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருள் 2014-இல் அதைக் கைவிட்டு 'பருலா'வுக்கு மாறியது. மேட்பிளாட்லிப் 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில் 'விரிடிஸ்'ஸுக்கு மாறியது. அதை வடிவமைத்தவர்கள் நத்தானியல் ஸ்மித்தும் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் எரிக் ஃபைரிங்கும்.

காரணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறத்தின் வெளிச்சத்தைத் தோராயமாக அறிய, சிவப்பை 0.299-ஆலும் பச்சையை 0.587-ஆலும் நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். மேலே எடுத்த ஐந்து மழை நிறங்களுக்கு 249, 197, 149, 109, 58 என்று வரும். படிப்படியாக, ஏறக்குறைய சம இடைவெளியில் இறங்குகிறது. ஜெட்டின் அடர்நீலம் 15, சயான் 179, மஞ்சள் 226, சிவப்பு 76, கடைசி அடர்சிவப்பு 38. ஏறி, பின் இறங்குகிறது. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் வறண்ட இடமும் வெள்ளக்காடும் ஏறக்குறைய ஒரே கருமை. நிறத்தில் பார்த்தாலும், மஞ்சள் விழுந்த இடத்தில் தரவில் இல்லாத ஒரு விளிம்பைக் கண் கண்டுபிடிக்கும். நானும் அப்படி ஒரு மஞ்சள் வளையத்தைப் புயலின் விளிம்பு என்று ஒருவருக்கு விளக்கியிருக்கிறேன். விரிடிஸில் அதே தரவை வரைந்தபோது வளையமே இல்லை.

வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம் மக்களிடமும் இந்தக் குறைபாடு உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே 2018-இல் 'சிவிடிஸ்' வெளியானது, நீலமும் மஞ்சளும் மட்டும் கொண்டது. பழுப்பு, நீலப்பச்சை இணைக்கும் அவர்களிடம் பெரிதாகச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் இரண்டு முனைகளுக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 54, 41 என்று நெருங்கி வரும். ஆகவே இருபக்க அளவுகோல் உள்ள படம் கறுப்பு வெள்ளையில் அச்சாகும் என்று தெரிந்தால், மாவட்டத்தின் மேலேயே சதவீத எண்ணை எழுதிவிடுங்கள்.

தமிழில் தலைப்பிட

கடைசியாக, தமிழில் படம் போடுகிற நமக்கே உரிய ஒரு தொல்லை. கலர்பாருக்கு 'மழையளவு, மி.மீ.' என்று பெயரிட்டால் முதலில் வெறும் கட்டங்கள் வரும். இயல்புநிலை எழுத்துருவான டெஜாவூ சான்ஸில் தமிழ் எழுத்து இல்லை. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றினால் எழுத்து வரும், ஆனால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்கும். 'ழை' என்பதில் ழகரத்துக்கு முன்னால் வர வேண்டிய குறி பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நான் பயன்படுத்திய பதிப்புகளில் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலையை மேட்பிளாட்லிப் செய்யவில்லை.

இதற்கு நான் கையாளும் வழி, படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமிப்பது. சேமிக்கும் முன் ஆர்சிபாரம்ஸ் அமைப்பில் 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்பதற்கு 'நன்' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். அப்போது எழுத்துகள் கோடுகளாக மாறாமல் உரையாகவே கோப்பில் இருக்கும். உலாவியிலோ, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலோ திறந்தால் அவை தமிழை ஒழுங்காக அடுக்கிக் காட்டும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எழுத்து கொஞ்சம் நீண்டு கலர்பாரின் எண்கள்மேல் ஏறினால், இங்க்ஸ்கேப்பிலேயே இழுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள்.